ஈரம் கழித்த எடை: புதியவர்களின் நாவல்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார்?

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பச்சைத் தேயிலை எடை போட்டுக் கணக்கு எழுதியவள் நான். இப்போது அந்த வேலை இல்லை. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். ஐப்பசி மழையில் நானும் பக்கத்து வீட்டு ஆசிரியரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. கடந்த இரண்டு மழைக்காலங்களாகப் புதியவர்களின் நாவல்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை எழுதிவைத்துவிட்டேன். எல்லாம் என் கருத்து. வட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஏன் புதியவர்கள் மட்டும்?

பெயர் பெற்றவரின் நாவலை எடுத்தால், புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருமுறை எங்கள் வட்டத்தில் ஒருவர் படிக்காமலேயே அரை மணி நேரம் பேசினார். நன்றாகவும் பேசினார். அன்றைக்கு எடுத்த முடிவு இது.

'புதியவர்' என்பதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறீர்கள்?

முதலில் சாகித்திய அகாதெமியின் கணக்கைக் கடன் வாங்கினோம். அவர்கள் 2011 முதல் யுவ புரஸ்கார் விருது கொடுக்கிறார்கள். 35 வயதுக்கு மேற்படாதவர்களுக்கு. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். தமிழில் முதல் விருதே ஒரு நாவலுக்குத்தான் போனது: தவசியின் 'சேவல்கட்டு'. அதன் பிறகு 2012, 2014, 2015, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் நாவல்களுக்குக் கிடைத்தது. 2022 முதல் 2025 வரை கவிதைக்கும் சிறுகதைக்குமே கொடுத்திருக்கிறார்கள். இளைஞர்கள் நாவல் எழுதுவதை விட்டுவிட்டார்களா, நடுவர்களுக்கு நாவல் படிக்கப் பொறுமை போய்விட்டதா என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை போட்டோம்.

35 என்ற எல்லையோடு எனக்கு உடன்பாடு இல்லை. மலையில் அந்த வயதில்தான் பலருக்குக் கடன் தீர்ந்து கை ஓய்கிறது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஐம்பதில் முதல் நாவல் எழுதுகிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஆகவே இப்போது எங்கள் வட்டத்தில் முதல் அல்லது இரண்டாம் நாவலாக இருந்தால் போதும், வயதைக் கேட்பதில்லை.

'ஈர எடை' என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

மழை நாளில் பறித்த கொழுந்து சாக்கோடு நனைந்து வரும். தராசில் வைத்தால் முள் தாராளமாக ஏறும். அதை அப்படியே எழுதினால் தொழிற்சாலை தண்ணீருக்குக் காசு கொடுத்ததாகிவிடும். ஆகவே சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியை எழுதுவோம். எடை மேடையில் நடக்கும் எல்லாச் சண்டையும் அந்தக் கழிவைப் பற்றித்தான். கழித்தவள் என்ற முறையில் நான் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். சிலவற்றுக்கு நான் தகுதியானவளே.

நாவலையும் அப்படித்தான் எடை போடுகிறேன். மூடுபனி, நிலா, பழைய காதலியின் கொலுசு, 'வாழ்க்கை என்பது' என்று தொடங்கும் வாக்கியம் எல்லாம் ஈரம். கழித்த பிறகு தட்டில் என்ன நிற்கிறது? ஒரு மனிதர் செய்யும் வேலை, அதற்கு வரும் கூலி, அந்தக் கூலி போதாமல் வீட்டில் எழும் பேச்சு. இவை நின்றால் எனக்கு அது நாவல். இது குறுகிய பார்வை என்று பக்கத்து வீட்டு ஆசிரியர் சொல்கிறார். அவர் ஓய்வூதியம் வாங்குகிறவர்.

இந்தக் கழிவுக்குப் பிறகு உங்கள் தட்டில் அதிகம் நின்றது எது?

மலர்வதியின் 'தூப்புக்காரி'. 2012இல் யுவ புரஸ்கார் பெற்ற நாவல்; நாங்கள் மிகத் தாமதமாக, போன கார்த்திகையில்தான் படித்தோம். தூப்பது என்றால் பெருக்குவது. குமரி மாவட்டத்துச் சொல். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஒரு தாயும் அவள் மகளும்தான் கதை. குப்பை, மலம், இரத்தத் துணி எல்லாவற்றையும் மூக்கைப் பொத்தாமல் எழுதியிருக்கிறார். சரளமான நடை என்று சொல்லமாட்டேன். சில பக்கங்களில் அழுகை கரை மீறுகிறது, எழுதியவரே கதைக்குள் புகுந்து நியாயம் கேட்கிறார். வட்டத்தில் இருவர் இதைக் குறையாகச் சொன்னார்கள். கேட்கட்டுமே என்று எனக்குத் தோன்றியது.

என்னைப் பிடித்தது அந்த வேலையின் நிழல் மகள் மேல் விழும் இடங்கள். என் அம்மா கொழுந்து பறித்தவர். தேயிலைக் கறை ஏறினால் விரல் நுனி கறுத்துப்போகும். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும்போது அம்மா இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வார். பரிசு வாங்கியபோதுகூட அவர் கைதட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவர் ஏன் தட்டவில்லை என்பது இந்த நாவலின் நடுவில் ஓர் இரவில் எனக்குப் புரிந்தது. அப்போது அம்மா போய்ப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

மலை, காடு பற்றிய நாவல் எதையாவது படித்தீர்களா?

லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்'. 2016ஆம் ஆண்டு விருது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர்கள் வாழும் காடு. வேட்டையையே தன் பெருமையாக நினைக்கும் தங்கப்பன். அவன் வீட்டில் வளர்ந்தும் காட்டின் பக்கம் நிற்கும் வாசி. பளியர்கள் பழனி மலைக்காரர்கள், தேனிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். ஆகவே எங்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரி; பாதி தெரியும், பாதி தெரியாது.

வேட்டை வரும் இடங்களில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. புலியைக் கொல்வதில் ஒரு மனிதன் என்ன அடைகிறான், அந்த வெற்றி அவன் வீட்டுக்குள் எப்படி நாறத் தொடங்குகிறது என்பதைத் துணிந்து எழுதியிருக்கிறார். அவன் மேல் நமக்கு வெறுப்பும் வருகிறது, அவன் உடல் பலத்தின் மேல் ஒரு மயக்கமும் வருகிறது. இரண்டையும் ஒன்றாக வரவழைப்பது சுலபமில்லை.

ஆனால் காட்டைத் தாயாக, தெய்வமாகச் சொல்லிக்கொண்டே போகும் சில பத்திகளில் நான் ஈரம் கழித்தேன். எங்கள் வட்டத்துக்கு வரும் ஓர் இருளர் இளைஞர் இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "காட்டுக்குள் போகும்போது நாங்கள் பேசமாட்டோம் அக்கா. பேசினால் யானை வருவது கேட்காது." சொல்லிவிட்டு, புலி வரும் பகுதியை மட்டும் இரண்டாவது முறை படிக்க வேண்டும் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திரும்பி வரவில்லை. அதையும் ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் வேலையைப் பற்றிய நாவல் தேயிலை ஊருக்கு எதற்கு?

இதைக் கேட்டவர் தன் மகனைப் பெங்களூருக்கு அனுப்பியவர். கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' 2021இல் விருது பெற்றது. எழுதியவர் அந்தத் துறையிலேயே வேலை செய்கிறவர். ஒரு மென்பொருள் நிறுவனம், அதில் பல அடுக்குகளில் பல பேர், தலைக்கு மேல் ஆட்குறைப்பு என்ற கத்தி. நாயகன் என்று ஒருவரைத் தூக்கிப் பிடிக்காமல் மேசை மேசையாக நகர்கிறது. முதல் அறுபது பக்கங்களில் யார் யாருக்கு மேலதிகாரி என்பதே எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு வேகம் பிடித்தது.

ஆண்டுக்கொருமுறை ஊழியரை மதிப்பிட்டு மதிப்பெண் போடும் அந்த வழக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயும் ஓர் எடை மேடை. எவ்வளவு கழித்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் மேடையில் சண்டை போடவாவது முடியும். அந்தத் தந்தை படித்து முடித்த இரவு மகனுக்குப் போன் செய்து, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாராம். மூன்று வருடத்தில் முதல் முறை. அதுவரை சம்பளம் வந்ததா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

'பருக்கை' பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை?

குறை ஒன்றும் இல்லை. வீரபாண்டியனின் நாவல், 2015இல் விருது. செலவுக்குப் பணமில்லாமல் கல்யாணப் பந்தியில் பரிமாறும் வேலைக்குப் போகும் கல்லூரி மாணவர்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம், பேசுவதற்கு அதிகம் மிஞ்சாது, அவ்வளவுதான். படித்த அடுத்த வாரம் குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாம்பார் வாளியோடு வந்த பையனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். இத்தனை வருடக் கல்யாணங்களில் வாளியைத்தான் பார்த்திருக்கிறேன் என்று உறைத்தது. "என்ன படிக்கிறாய் தம்பி?" என்று கேட்டேன். வேதியியல் என்றான்.

வட்டார வழக்கு புரியாவிட்டால் என்ன செய்வது?

முதல் இருபது பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு போங்கள். அகராதியைத் தேடாதீர்கள். ஒரு சொல் மூன்றாவது முறை வரும்போது பொருள் தானே விளங்கிவிடும். விளங்காவிட்டால் அது இல்லாமலும் கதை நடக்கும். நம் ஊரில் ஒரே பஸ்ஸில் படகர்களின் மொழி, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் காதில் விழுகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது முழுதாகப் புரியாமலேயே அவர் வீட்டுச் சண்டையை மேட்டுப்பாளையம் போய்ச் சேருவதற்குள் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதே காதுதான் வேண்டும்.

ஆனால் ஒன்று. எழுத்தாளரே அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதும் நாவல்கள் இருக்கின்றன. பாட்டி திட்டும்போது நடுவில் நிறுத்தி, திட்டின் பொருளைச் சொல்கிறார்கள். எந்தப் பாட்டி காத்திருப்பார்?

முதல் நாவல்களில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகள் என்ன?

பெயர் சொல்லாமல் பேசுகிறேன். முதல் நாவலுக்காக ஒருவரைச் சந்தியில் நிறுத்தக் கூடாது. நான் படித்தவற்றில் குறைந்தது நான்கு நாவல்கள், அப்பா இறந்த செய்தி போனில் வருவதில் தொடங்குகின்றன. மகன் பஸ் ஏறுகிறான். ஜன்னலோரம். உடனே நினைவுகள். ஊர் வந்து சேர நூற்றைம்பது பக்கம் ஆகிறது. இந்த வேகத்தில் போகும் பஸ்ஸில் நான் ஏறமாட்டேன். இது எளிதாகக் கிடைக்கும் கட்டு என்பதால் எல்லாரும் எடுக்கிறார்கள். செத்தவர் மறுத்துப் பேசமாட்டார், மகன் மட்டும் பேசிக்கொண்டே போகலாம்.

அடுத்தது பணம். நாயகன் வேலையை விடுகிறான், மலைக்கு வருகிறான், மூன்று மாதம் தங்கி யோசிக்கிறான். வாடகை யார் கொடுத்தது? கோத்தகிரியில் அட்வான்ஸ் இல்லாமல் வீடு கொடுத்த அந்தப் புண்ணியவான் யார்? எனக்கு அந்த முகவரி வேண்டும்.

மூன்றாவது, அவசரம். முக்கால் பங்கு பொறுமையாக நடந்த நாவல், கடைசி நாற்பது பக்கங்களில் இரண்டு மரணம், ஒரு கல்யாணம், ஒரு விபத்து என்று ஓடுகிறது. புத்தகக் கண்காட்சி ஜனவரியில். கையெழுத்துப் பிரதி நவம்பரில் போயாக வேண்டும். அந்த நவம்பர் பதற்றம் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று எங்கள் ஆசிரியர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவார்.

பிழைகளையும் சொல்லியாக வேண்டும். இப்போது நூறு, இருநூறு பிரதி மட்டும் அச்சிடும் வசதி வந்துவிட்டது. அதனால் பல புதியவர்களுக்குக் கதவு திறந்தது, நல்லது. அதே கதவு வழியாக மெய்ப்புத் திருத்துகிறவர் வெளியே போய்விட்டார். ஒரு நாவலில் நாயகியின் பெயர் நடுவில் மாறி, பத்துப் பக்கம் கழித்துத் திரும்பி வந்தது. ஏதோ உத்தி என்று நினைத்து நாங்கள் அரை மணி நேரம் விவாதித்தோம்.

முன்னுரையை முதலில் படிக்கலாமா?

வேண்டாம். மூத்தவர் ஒருவர் பத்துப் பக்கம் வாழ்த்தியிருப்பார், முடிவையும் சொல்லியிருப்பார்.

நீலகிரியைப் பற்றிப் புதியவர்கள் எழுதிய நாவலை ஏன் பட்டியலில் காணோம்?

இந்தக் கேள்விதான் வலிக்கிறது. நீலகிரியின் படகர் மக்களின் வாழ்வை வைத்து ராஜம் கிருஷ்ணன் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். அவர் வெளியிலிருந்து வந்து, தங்கி, பழகி எழுதியவர். அதற்குப் பிறகு குறிஞ்சி எத்தனையோ முறை பூத்துவிட்டது. இங்கேயே பிறந்தவர்கள் எழுதுவது ஒன்றிரண்டாக வந்துகொண்டிருக்கலாம். எங்கள் முன்னறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வருகிற மலை நாவல்கள் பெரும்பாலும் கீழேயிருந்து ஏறி வருகிறவை. கதைமாந்தர்கள் காதல் தோற்று மேலே வருகிறார்கள், மூடுபனியைப் பார்க்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு மூடுபனி என்றால் நான்கு நாளாகக் காயாத பள்ளிச் சீருடை. பனி என்றால் மார்கழியில் ஒரே இரவில் கருகிப்போகும் கொழுந்து. அடுத்த பறிப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை கடைக்காரர் கடன் கொடுப்பாரா என்பது. விடிவதற்கு முன்பே கேரட் பிடுங்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த இருட்டில் வண்டியின் பின்பக்கம் நின்றுகொண்டு அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது எந்த நாவலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு எங்கள் கதை. 1964இல் இந்தியாவும் இலங்கையும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தவர்களில் என் பெற்றோரும் உண்டு. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் அரசு தொடங்கியதுதான் இன்று டான்டீ என்று நாம் சொல்லும் தேயிலைத் தோட்டம். இலங்கையில் இந்தியர்கள் என்றார்கள், இங்கே வந்ததும் சிலோன்காரர்கள் என்றார்கள். என் அப்பா சாகும்வரை பாஸ்போர்ட்டைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். எந்த நாட்டுக்குப் போவதற்கு என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். இந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகள். அவர்களில் ஒருவர் எழுதுவார் என்று நான் காத்திருக்கிறேன். எழுதும்போது அந்தத் தகரப் பெட்டியை முதல் பக்கத்திலேயே திறந்துவிடக் கூடாது.

நீங்களே எழுதலாமே?

பதினேழு பக்கம் எழுதினேன். முதல் நான்கு பக்கம் மூடுபனி. மற்றவர்களிடம் கழிப்பது எளிது.

பாதியில் நிறுத்தலாமா?

தாராளமாக. ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், அன்று என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். ஒரு நாவலை நான் 112ஆம் பக்கத்தில் மூடினேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் நன்றாக இருந்தது. முதல் தடவை பல்வலி.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

கோத்தகிரியில் பாடநூலும் நோட்டும் விற்கும் கடைகள்தான் கண்ணில் படுகின்றன. ஜூலையில் கோவைப் புத்தகக் கண்காட்சிக்கு இரண்டு பேரை அனுப்பி, கொடிசியாவிலிருந்து ஒரு பை நிறைய வாங்கிவரச் சொல்கிறோம். பஸ் கட்டணத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறோம். பதிப்பகத்துக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் அஞ்சலில் வந்துவிடும். உதகையில் 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. அழகான கட்டடம், ஆனால் அது பழைய ஆங்கில நூல்களின் உலகம். நம் தேவைக்கு அரசு நூலகம்தான். கேட்ட புத்தகம் இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்காதவருக்கு எதுவும் வராது. கேட்டவருக்குச் சில சமயம் வருகிறது.

மழைக்காலத்தில் புத்தகங்களில் பூஞ்சை பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். பீரோவில் நெருக்கித் திணிக்காதீர்கள், காற்றுப் போக இடம் விடுங்கள். அட்டையில் வெள்ளை படர்ந்தால் உலர்ந்த துணியால், வீட்டுக்கு வெளியே நின்று துடைக்க வேண்டும். தை மாதத்தில் வெயிலடிக்கும் ஒரு நாள் முழுக்கத் திண்ணை நிழலில் விரித்துக் காய வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்; நாங்கள் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை அப்படித்தான் இழந்தோம். படித்தவர்கள் அதொன்றும் பெரிய இழப்பில்லை என்றார்கள்.

கூட்டத்துக்கு வர என்ன செய்ய வேண்டும்?

இரண்டாம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வாருங்கள். கட்டணம் இல்லை. படிக்காமல் வந்தாலும் உட்காரலாம், பேச முடியாது. ஐந்தரைக்கு முடித்துவிடுவோம், டானிங்டன் பக்கம் நடந்து போகிறவர்களுக்கு இருட்டினால் கரடி பயம். பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம் இது, ஆகவே புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் குடைக்குள் பிடித்துக்கொண்டு வாருங்கள். 'கானகன்' யாரிடமாவது இன்னொரு பிரதி இருந்தால் கொண்டுவரவும்.